கம்ப்யூட்டரின் சாவி யார் கையில்?

(கொல்லிமலை செம்மேட்டில் வாசகசாலை நண்பர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மழையையும் பொருட்படுத்தாமல் வளப்பூர்நாட்டிலிருந்தும் அரியூர்நாட்டிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். திருப்பூருக்கும் பள்ளிபாளையத்துக்கும் ஆலை வேலைக்குப் போன நமது வாலிபர்கள், கிடைத்த ஒரு நாள் லீவில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

இந்த வாசகசாலை மேஜைமீது மூன்று மடிக்கணினிகள் இருக்கின்றன. மூடியில் படம் அச்சிட்டு, பிளஸ் டூ படித்த பிள்ளைகளுக்கு சர்க்கார் இலவசமாகக் கொடுத்தவை. பிள்ளைகள் படித்து முடித்துப் போன பிறகு நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவற்றில்தான் நமது கூலிக் கணக்கு இருக்கிறது, வன உரிமைச் சட்டப்படி பட்டா கேட்டுப் போட்ட மனுக்களின் நகல் இருக்கிறது, நோட்டீஸ் இருக்கிறது. போன வருஷம் இந்த மூன்றையும் விண்டோஸ் என்ற ஏற்பாட்டிலிருந்து லினக்ஸ் என்ற ஏற்பாட்டுக்கு மாற்றினோம். ஏன் மாற்றினோம், மாற்றும்போது எங்கே வழுக்கி விழுந்தோம், எந்த வேலைக்கு எந்த மென்பொருளைப் பொறுக்கி எடுத்தோம் என்று சொல்லும்படி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச இவர்கள் யார் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான சந்தேகம்தான். நாங்கள் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். முப்பது வயதுக்கு மேல்தான் மௌஸைக் கையில் பிடித்தோம். எஞ்சினீயர் பேசுகிற பேச்சு எங்களிடம் வராது. பட்டதைச் சொல்லுகிறோம்.

முதலில் இந்த இயங்குதளம் என்பது என்ன? ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஆலைக்குள் மேஸ்திரி இருக்கிறான். எந்தத் தொழிலாளி எந்த மிஷினில் நிற்பது, யாருக்கு எவ்வளவு நேரம், யாருக்கு எந்தச் சாமான் என்று பங்கு போடுகிறவன் அவன். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு மேஸ்திரி உண்டு. கடிதம் தட்டுகிற மென்பொருள், படம் காட்டுகிற மென்பொருள், இண்டர்நெட் பார்க்கிற மென்பொருள் எல்லாம் அந்த மேஸ்திரியிடம் கேட்டுத்தான் நினைவகத்தையும் பிரிண்டரையும் உபயோகிக்க முடியும். அந்த மேஸ்திரிக்குத்தான் இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஒரு மேஸ்திரி. லினக்ஸ் இன்னொரு மேஸ்திரி.

நம்மிடம் இருந்த மேஸ்திரி என்ன செய்தான்? இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் ஆரம்பமாயிற்று. பிறகு வந்த பத்தாண்டுக் காலத்துக்குள் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் கொடுக்கப்பட்டன. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 இருந்தது. 2020 ஜனவரியில், இனி 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரமாட்டோம் என்று கம்பெனி கதவைச் சாத்தியது. பிறகு 10 வந்தது. 2025 அக்டோபர் 14-ந் தேதி அதற்கும் கதவு சாத்தப்பட்டது. பணம் கட்டியோ, தங்களிடம் கணக்குத் தொடங்கியோ பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை தவணை என்றார்கள். சரி, 11-க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் புதிய ரகம் வேண்டும், 4 ஜிபி நினைவகம் வேண்டும், பிராசசர் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் இருக்கவேண்டும் என்கிறார்கள். நமது யந்திரத்தில் இருப்பது 2 ஜிபி. சில்லும் கிடையாது, பட்டியலில் பெயரும் கிடையாது.

யந்திரம் கெட்டுப்போயிற்றா? இல்லை. விசைப்பலகை நன்றாக இருக்கிறது, திரை எரிகிறது. யந்திரம் சாகவில்லை தோழர்களே. சாகும்படி உத்தரவு வந்திருக்கிறது. நல்ல மாட்டை, வயதாயிற்று என்று காகிதத்தில் எழுதி அடிமாட்டுக்கு ஓட்டச் சொன்னால் எந்த விவசாயி ஓட்டுவான்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் இருந்த அந்த 10, விலை கொடுத்து வாங்கியதல்ல. கீழே ஒரு கடையில் முந்நூறு ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தது. அது திருட்டுப் பிரதி என்று நமக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். பென்டிரைவைச் சொருகினால் போல்டர்கள் எல்லாம் மறைந்து வெறும் ஷார்ட்கட்டாக நிற்கிற வைரஸ் கூத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! கூலிக் கணக்கையும் பட்டா மனுவையும் வைத்திருக்கிற யந்திரத்தில் இது நல்லதல்ல.

வேடிக்கை என்னவென்றால், மாற்று மேஸ்திரி வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்தக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். மத்திய சர்க்காரின் சிடாக் நிறுவனம் டெபியன் லினக்சை அடிப்படையாக வைத்து 2007-ல் வெளியிட்டது அது. தமிழிலும் வேலை செய்யும். கணினியைப் போட்டவுடன் இரண்டு பெயர்கள் வரும். இரண்டாவது பெயரை அமுக்கிப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல், பாதிப் பேர் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படம் ஏற்றி வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கலப்பையைக் கொடுத்துவிட்டு உழச் சொல்லித்தராமல் போனால் அது விறகாகத்தான் போகும்.

இப்போது லினக்ஸ் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். 1980 வாக்கில் அங்கே ஒரு புதிய பிரிண்டர் வந்தது. காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய பிரிண்டராக இருந்தபோது, சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி அவரே மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்வதற்காக அதன் மூல நிரலைக் கேட்டார். வெளியே கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று கைவிரித்துவிட்டார் அதை வைத்திருந்தவர். ஆலையில் பிட்டர் வேலை பார்க்கும் தோழருக்கு இந்தக் கோபம் புரியும். ரிங் பிரேமில் ஸ்பிண்டில் தகராறு செய்கிறது; கழற்றி மாட்ட உங்களுக்குத் தெரியும்; கையில் ஸ்பானரும் இருக்கிறது. ஆனால் மூடியைத் திறந்தால் குற்றம் என்று எழுதி ஒட்டியிருந்தால் எப்படி இருக்கும்?

அந்தக் கோபத்தை அவர் வேலையாக மாற்றினார். 1983-ல் குனூ என்ற பெயரில், எல்லோரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய இயங்குதளம் ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தார். அதில் மையப் பகுதி மட்டும் பாக்கியாக நின்றது. 1991-ல் பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். பிறகு உலகம் முழுவதிலும் ஆயிரக்கணக்கானவர்கள் அதன்மீது உழைத்தார்கள். சம்பளத்துக்கு உழைத்தவர்களும் உண்டு, சம்பளமில்லாமல் உழைத்தவர்களும் உண்டு. பெரிய கம்பெனிகளும் பணம் போட்டிருக்கின்றன. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதன் உரிமப் பத்திரம்தான் முக்கியம். எந்தக் காரியத்துக்கும் உபயோகிக்கலாம்; திறந்து பார்த்து மாற்றலாம்; நகல் எடுத்து அயலாருக்குக் கொடுக்கலாம்; மாற்றியதையும் கொடுக்கலாம். விலை இல்லை என்பது இதில் இரண்டாம் பட்சம்தான். இலவசமாகக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் மடியில் முடிந்துகொள்கிறவனும் உண்டல்லவா?

கொல்லிமலையில் இதைச் சொல்வது கஷ்டமில்லை. நமது தாய்மார்கள் சாமையையும் தினையையும் கேழ்வரகையும் அறுத்தபின் விதைக்கு எடுத்து வைப்பார்கள். அடுத்த வீட்டில் விதை தவறிப்போனால் ஒரு படி கொடுப்பார்கள். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. 2019-ல் குஜராத்தில் என்ன நடந்தது? தங்கள் பெயரில் பதிவான உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகச் சொல்லி பெப்சி கம்பெனி விவசாயிகள்மீது வழக்குப் போட்டது. தேசமெங்கும் கண்டனம் கிளம்பிய பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டது. நகலெடுத்துக் கொடுக்கலாம் என்ற உரிமைக்கும் கொடுக்கக்கூடாது என்ற உரிமத்துக்கும் உள்ள பேதம் அதுதான்.

இதையெல்லாம் படித்தவுடன் எங்களுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அதன் பலனைக் கேளுங்கள்.

ஒருநாள் ராத்திரி, யாரிடமும் கலந்துகொள்ளாமல், நாங்கள் இரண்டே பேர் உட்கார்ந்து முதல் கணினியில் லினக்சைப் போட்டோம். நடுவில் ஒரு கேள்வி வந்தது: வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா, அல்லது பழையதின் பக்கத்தில் நிறுவலாமா என்று. இங்கிலீஷில் இருந்தது. அவசரத்தில் முதலில் இருந்ததை அமுக்கிவிட்டோம். இருபது நிமிஷத்தில் புதிய இயங்குதளம் பளபளவென்று வந்து நின்றது. மிளகு பறிப்புக் கூலிக் கணக்கு போய்விட்டது.

மறுநாள் காலையில் அந்தக் கணக்கை எழுதி வருகிற அம்மா வந்தார். இரண்டு பருவமாக எந்தெந்தத் தோப்பில் யார் யார் எத்தனை நாள் கொடியேறிப் பறித்தார்கள், குத்தகை வியாபாரி எவ்வளவு கொடுத்தான், எவ்வளவு பாக்கி என்று தட்டி வைத்திருந்தவர். திரையைப் பார்த்தார். "ஏனுங்க தோழர், எங்க கணக்கு எங்கீங்க?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் திட்டவில்லை. வீட்டுக்குப் போய், சாக்குப் பையில் சுற்றி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டுகள் நான்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "உங்க பொட்டிய நம்பி இதை அடுப்புல போடலீங்க" என்றார். அந்த நோட்டுகள் இல்லாதிருந்தால், பாக்கி கேட்டு நின்ற பதினெட்டுப் பெண்களின் வழக்கு அன்றோடு முடிந்திருக்கும். ஆறு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மறுபடி தட்டினோம். அவர் வாசிக்க, நாங்கள் தட்ட. தட்டி முடித்த பிறகு அவர் இரண்டு இடத்தில் எங்கள் கூட்டலைத் திருத்தினார் என்பதையும் சொல்லவேண்டும்.

தவறு லினக்சின் தவறல்ல. பழைய மேஸ்திரியின் தவறுமல்ல. உபயோகிக்கிறவர்களைக் கேட்காமல் உபயோகிக்கிற சாதனத்தை மாற்றினோம். அதுதான் தவறு. அதற்குப் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து, நமக்கு முன்னால் மாறியவர்கள் எப்படி மாறினார்கள் என்று விசாரித்தோம்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடங்களில் கணினிக் கல்விக்காக அங்கே 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் பாடப்புத்தகமே விண்டோசைச் சுற்றித்தான் இருந்தது. ஒரே கம்பெனியின் சரக்கைப் பாடமாக்குவதா என்று ஆசிரியர்களிடமிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு படிப்படியாக லினக்ஸ் வந்தது. முதலில் ஆசிரியர்களில் பயிற்சியாளர்களை உருவாக்கினார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சில காலம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தது. அதற்குப் பிறகே முழுவதும் மாறியது. பத்தாம் வகுப்புக் கணினிப் பரீட்சையே லினக்சில் நடக்கத் தொடங்கிற்று. இப்போது அந்தத் திட்டத்துக்குக் கைட் என்று பெயர். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் லினக்ஸ் போட்டதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அவர்கள் கணக்குச் சொன்னார்கள். அது ஒவ்வொரு கணினிக்கும் எல்லா மென்பொருளையும் முழு விலைக்கு வாங்கியிருந்தால் என்ற கணக்கு; கொஞ்சம் தாராளமான கணக்கென்றே நமது அபிப்பிராயம். பாதியாகக் குறைத்தாலும் சின்னத் தொகை அல்ல. மின்சார வாரியத்திலும் பில் போடுவதற்கு ஒருமா என்ற மென்பொருளைத் தங்கள் ஊழியர்களைக் கொண்டே லினக்சில் எழுதி ஓட்டினார்கள்.

தமிழ்நாட்டில் நடக்கவில்லையா? நடந்தது. 2006-07-ல் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, அந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றினார். கடிதம் எழுத ஓப்பன் ஆபீஸ். சர்க்காருக்காக வாங்குகிற கணினிகளிலும் லினக்ஸ் வரத் தொடங்கியது. அந்த நாளில் தேசமே பேசிய காரியம் அது. 2008-ல் அவர் வேறு பதவிக்கு மாற்றப்பட்டார். வேகம் குறைந்தது. 2011-ல் இலவச மடிக்கணினி வந்தபோது விண்டோஸ் முன்னால் நின்றது, லினக்ஸ் பின்னால் நின்றது. நல்ல அதிகாரி ஒருவரின் முதுகில் ஏறி வந்த மாற்றம், அவர் இறங்கியபோது கூடவே இறங்கிவிட்டது. கேரளத்தில் அது ஆயிரமாயிரம் வாத்தியார்களின் கையில் இருந்தது. மந்திரிசபை மாறியும் நின்றது.

ஐரோப்பாவில் இரண்டு கதை. ஜெர்மனியில் மூனிச் நகரசபை 2003-ல் லினக்சுக்கு மாறுவதென்று தீர்மானித்தது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் நேரில் பறந்து வந்து மேயரைப் பார்த்தும் தீர்மானம் நின்றது. பத்து வருஷம் பாடுபட்டு, 2013-ல் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றி முடித்தார்கள். மேயர் மாறினார், ஊழியர்களின் முறையீடுகள் சேர்ந்துகொண்டன, 2017-ல் திரும்ப விண்டோசுக்கே போவதென்று நகரசபை தீர்மானித்தது. பிரான்சில் ஜாந்தார்மெரி என்ற போலீஸ் படை வேறு வழியில் போயிற்று. அவர்கள் அடியை முதலில் தொடவில்லை. 2005-ல் விண்டோசின்மேலேயே ஓப்பன் ஆபீசைக் கொடுத்தார்கள். பிறகு பயர்பாக்ஸ் கொடுத்தார்கள். கைக்கு அவை பழகிய பிறகு, 2008 முதல் அடியிலிருந்த இயங்குதளத்தை உபுண்டு லினக்சாக மாற்றினார்கள். மேஜைமீது ஏற்கனவே பழகிய அதே சாமான்கள்! எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கணினிகள் அப்படி மாறின. இன்றுவரை திரும்பவில்லை.

போலீஸ் படையிடம் நாம் பாடம் கற்பது இதுதான் முதல் தடவை என்று ஒரு தோழர் சிரித்தார். இருக்கட்டும், நல்ல வழி யாரிடம் இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே பாக்கி இரண்டு கணினிகளில் அந்த வழியைப் பின்பற்றினோம். என்ன மென்பொருள் வேண்டும் என்று கேட்கவில்லை. என்ன வேலை நடக்கிறது என்று காகிதத்தில் எழுதினோம். கணக்கு எழுதுகிற அம்மா, பரீட்சைக்குப் படிக்கிற தங்கை, நோட்டீஸ் அடிக்கிற தம்பி எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டோம். ஆறு வேலைதான் தேறிற்று: கடிதமும் மனுவும் தட்டுவது, கணக்கு, நோட்டீஸ், இண்டர்நெட், வீடியோ பார்ப்பது, மனுக்களை ஸ்கேன் செய்து வைப்பது. அவ்வளவுதான்! மூவாயிரம் மென்பொருளின் பட்டியலைப் படித்து மயங்க வேண்டிய அவசியமே இல்லை.

கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ். 2010-ல் ஓப்பன் ஆபீசிலிருந்து பிரிந்து வளர்ந்தது இது. விண்டோசிலும் ஓடும், லினக்சிலும் ஓடும். முதல் இரண்டு மாதம் பழைய விண்டோசின்மேலேயே இதைப் போட்டுப் பழகினோம். மெனு இடம் மாறியிருக்கிறதே என்று முதல் வாரம் முணுமுணுப்பு. மூன்றாம் வாரம் பேச்சில்லை. ஒரு எச்சரிக்கை: வேர்டில் செய்த படிவத்தை இதில் திறந்தால் கட்டங்கள் சில சமயம் கோணலாகும். மற்றவர்களுக்கு அனுப்பும்போது பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள். எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். இண்டர்நெட்டுக்கு பயர்பாக்ஸ், வீடியோவுக்கு விஎல்சி.

நோட்டீஸ்தான் தகராறு. கீழே அச்சகங்களில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும்தான் பழக்கம். அவை லினக்சில் ஓடா. படத்துக்கு ஜிம்ப், எழுத்தும் கோடும் வரைய இங்க்ஸ்கேப் என்று வைத்துக்கொண்டு, முடிந்ததை பிடிஎப் ஆக்கி அச்சகத்துக்குக் கொடுக்கிறோம். அச்சகக்காரர் முதலில் முகம் சுளித்தார். இப்போது வாங்கிக்கொள்கிறார். கோரல்டிரா கற்றுக்கொண்டு அச்சகத்தில் வேலைக்குப் போக விரும்புகிற தம்பிக்கு அதையும் கற்றுக்கொள் என்றே சொல்லுகிறோம். பிழைப்பில் பிடிவாதம் கூடாது.

தமிழ் எழுத்து விஷயம் எல்லாவற்றையும்விடப் பெரியது. நமது பழைய மனுக்கள் பாமினியிலும் வானவில்லிலும் தட்டியவை. புதிய கணினியில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தது. கணினி கெட்டுவிட்டது என்று பயந்தோம். உண்மையில், அந்தப் பழைய எழுத்துருக்கள் இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துக்கென்றே தனி எண்கள் உண்டு. எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும். 2010-ல் தமிழ்நாடு சர்க்காரும் அதை அங்கீகரித்து ஆணை போட்டது. ஆகவே மாறுவதற்கு முன்பே, எழுத்துரு மாற்றியைக் கொண்டு பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்றிவிடுங்கள். விண்டோசிலேயே இருக்கப்போகிறவர்களும் இதைச் செய்வது நல்லது. தட்டுவதற்கு லினக்சில் ஐபஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. தமிழ் 99 முறையும் உண்டு, பழைய டைப்ரைட்டிங் முறையும் உண்டு. தங்கைமார் தமிழ் 99 கற்றுக்கொள்ளட்டும். பத்து நாளில் வந்துவிடும்.

இவ்வளவும் ஆன பிறகே அடியை மாற்றினோம். லினக்சிலும் டெபியன், உபுண்டு, மின்ட் என்று பல குடும்பங்கள். எது உயர்ந்தது என்று இரண்டு வாரம் வாதாடினோம். வீண் வாதம். பக்கத்தில் யாருக்கு எது தெரியுமோ அதுவே உயர்ந்தது. ராசிபுரத்தில் கல்லூரியில் படிக்கும் நமது தம்பிக்கு டெபியன் தெரியும். மூன்றிலும் அதையே, எக்ஸ்எப்சிஇ என்ற இலேசான முகப்போடு போட்டோம். மூன்றிலும் ஒன்றே இருப்பதால் ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொல்ல முடிகிறது. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வட்டைத் தொடாது. வைபை வருகிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எங்கள் பழைய ஸ்கேனர் ஒன்று கடைசிவரை பேசவில்லை. போனில் படமெடுத்துச் சமாளிக்கிறோம். 2 ஜிபி நினைவகத்தில் பயர்பாக்சில் மூன்று நான்கு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். செத்துப்போன ஒரு கணினியிலிருந்து நினைவகத்தைக் கழற்றி ஒன்றை 4 ஜிபி ஆக்கினோம். அது இப்போது ஓடுகிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார்: "தோழர், ஆபீஸ் வேலைக்குப் போனால் வேர்டும் டேலியும்தானே கேட்கிறார்கள்? இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" சரியான கேள்வி. டேலி விண்டோசுக்கென்றே செய்தது. வேலைக்கு அது வேண்டுமென்றால், விண்டோஸ் உள்ள இடத்தில் போய்க் கற்றுக்கொள். கூட்டல் பட்டியல் போடத் தெரிந்தவனுக்கு எந்தக் கம்பெனி மென்பொருளும் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒரு பொத்தானை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு அந்தப் பொத்தான் இடம் மாறினாலே திண்டாட்டம். உன் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் மையத்தில் இருப்பது லினக்ஸ். 2017-லிருந்து உலகின் மிகப்பெரிய ஐந்நூறு சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ்தான். ஆண்ட்ராய்டு போனின் சாவி நம் கையில் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. மையம் திறந்திருந்தாலும் அதைச் சுற்றிக் கூகுள் வேலி போட்டிருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

கணக்கு எழுதுகிற அம்மாவும் ஒன்று சொல்லச் சொன்னார்கள். கணக்கு இப்போது மூன்று கணினியிலும், ஒரு பென்டிரைவிலும் இருக்கிறது. நோட்டு எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எங்களுக்குத் துணிவும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டில் பழைய மடிக்கணினி சும்மா கிடக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். சார்ஜரை மறக்காதீர்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும், கோப்புகளைப் பத்திரப்படுத்த இன்னொன்றும் வேண்டும். அதில் என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிவாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொன்னால் தங்கைமார் எழுதிக்கொள்வார்கள். கரண்ட் மதியம் வரைதான் நிச்சயம் என்கிறார்கள், ஆகையால் தாமதிக்காமல் வாருங்கள். பழைய கோப்புகளை எடுத்து வைத்தாயிற்று என்று நீங்கள் வாயால் சொல்லும்வரை நாங்கள் எந்தப் பொத்தானையும் அமுக்க மாட்டோம்.